முதல் பட்டறை

வீரமுத்து வெங்காயப் பட்டறையைத் திறந்தால்தான் அந்த ஊரில் மற்றவர்கள் திறப்பார்கள். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவனுடைய அப்பா ஒரு வருடம் எல்லாரையும் முந்திக்கொண்டு திறந்தார், அந்த வருடம் விலை ஏறிக்கொண்டே போனது, ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கைராசி என்றார்கள். அப்பா போன பிறகு அந்த ராசி நிலத்தோடும் மாட்டோடும் சேர்ந்து வீரமுத்துவுக்கு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவனிடம் இருந்தவற்றில் வில்லங்கம் இல்லாதது அது ஒன்றுதான்.

பெரம்பலூர் பக்கம் குரும்பலூரைத் தாண்டி மேற்கே போனால் அந்த ஊர். தை, மாசியில் சின்ன வெங்காயத்தைப் பிடுங்கி, தாளோடு காயவைத்து, பட்டறையில் ஏற்றிவிடுவார்கள். பட்டறை என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். கல்லை நட்டு, மேலே மூங்கில் பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, ஓலை போட்டு மூடிய நீளமான கூண்டு, அவ்வளவுதான். காற்று புகுந்து புறப்பட்டால் வெங்காயம் நாலு மாதம் கெடாது. வைகாசிப் பட்டத்துக்கு விதை வெங்காயம் தேடி நாமக்கல், திண்டுக்கல் பக்கமிருந்து ஆட்கள் வருவார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தால் நல்ல விலை. இந்த வருடம் பிள்ளையார் கோயில் முன்னால் கூடிப் பேசி, சித்திரை கடைசிவரை யாரும் தட்டியை அவிழ்ப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். முதலில் தலையாட்டியது வீரமுத்துதான்.

போன சித்திரையில் அவனுடைய போர்வெல் வற்றிப் போயிருந்தது. புதிதாகப் போட கையில் காசில்லை. ஆண்டிமடத்தில் இருக்கும் தங்கை ராசாத்தியிடம் போய் நின்றான். அவள் புருஷன் இறந்து ஐந்து வருடமாகிறது. ஒரு முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, கொட்டை விற்று, மகள் நந்தினியைத் திருச்சியில் நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தது ஒன்பது பவுன். நாலு பவுனில் ஒரு சங்கிலி, மீதி வளையலும் தோடும். மகளுக்கென்று வைத்திருந்தது.

"ஒரு வருஷம் தாயி. அடுத்த சித்திரைக்கு உன் கையில இருக்கும்" என்றான் வீரமுத்து.

அவள் உள்ளே போய் நகையை எடுத்துவந்தாள். ஜவுளிக்கடை மஞ்சள் பையில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "டீ குடிச்சிட்டுப் போண்ணே" என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

பெரம்பலூரில் ஒரு பாங்கில் நகையை வைத்து இரண்டு லட்சம் வாங்கினான். அந்த வாரம் ஊரே அந்த பாங்கில்தான் நின்றது. விதைப்புக்கு முன்னால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில்தான் பணம் வேண்டியிருக்கும். அதனால் ஒரு வருடக் கெடுவும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில்தான் முடியும். வட்டியைக் கட்டி மறுபடி திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். வீரமுத்துவால் அப்படி இருக்க முடியவில்லை. அவன் வைத்தது அவன் வீட்டு நகை இல்லையே.

கெடு முடிகிற இந்த வருடம்தான் இலங்கையில் ஜனங்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடம். டிவியில் காட்டினார்கள். "பாவம்" என்று சொல்லிவிட்டு வீரமுத்து சேனலை மாற்றினான். பாவம் என்று சொன்னதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டதாகத்தான் அவனும் நினைத்தான், ஊரும் நினைத்தது.

பெரம்பலூரில் வெங்காய மண்டி வைத்திருந்த அறிவுச்செல்வனை எல்லாரும் செல்வம் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. சொன்ன விலையில் பைசா குறைக்காதவன் என்று பெயர். சித்திரை பத்தாம் தேதி வீரமுத்து மண்டிக்குப் போனபோது அந்தச் சிரிப்பைக் காணோம்.

"என்னா தம்பி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"கொழும்புக்கு ரெண்டு லோடு அனுப்புனேங்கண்ணே. தூத்துக்குடியிலயே நிக்குது. அங்க வாங்குறவன்கிட்ட டாலர் இல்லையாம். அவன்கிட்ட மட்டுமில்ல, அந்த நாட்டுலயே இல்லையாம்."

"அதுக்கும் நமக்கும் என்னா தம்பி?"

"அங்க போவாதது எங்கண்ணே போவும்? திரும்ப இங்கதான வரும். கப்பலுக்குன்னு வாங்கி வெச்சிருக்கறவன் அத்தன பேரும் உள்ளூர்லயே தள்ளப் பாப்பான். இன்னைக்கு கிலோ முப்பத்திரெண்டு. அடுத்த வாரம் என்னான்னு எனக்கே தெரியல."

வீரமுத்துவின் கண்ணுக்கு முன்னால் அந்த மஞ்சள் பைதான் வந்தது. கோயில் முன்னால் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது, வராமலில்லை. ஆனால் பை பெரிதாகத் தெரிந்தது.

"என்னுத நாளைக்கே எடுத்துக்கறியா தம்பி? முப்பத்திரெண்டுக்கு. ஆனா முழுப் பணமும் கையில வேணும்."

செல்வம் நிமிர்ந்து பார்த்தான். "ஊரே தொறக்குதாங்கண்ணே?"

"இல்ல இல்ல. நான் மட்டுந்தான். மத்தவங்க சித்திரை கடைசிலதான். பேசி வெச்சிருக்கு."

செல்வம் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். ஒரு வீட்டுச் சரக்கு என்றால் நாமக்கல் ஆளிடம் விதைக்குத் தள்ளிவிடலாம், நாலு நாளில் பணம் திரும்பிவிடும். வீரமுத்து சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினான். அந்த ஒரு நம்பிக்கையில்தான் எல்லாம் போனது.

வீட்டில் அவன் பெண்டாட்டி கிருஷ்ணம்மாள் இதைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஊருக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொறங்களேன்."

"சொன்னா விட்டுருவாங்களா?"

"சொல்லாமத் தொறந்தா மட்டும்?"

மறுநாள் ஊர் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வீரமுத்து லாரியை வரச்சொன்னான். பெரிய தந்திரம்தான். ரோட்டோரம் இருக்கிற பட்டறை, எட்டுப் பேர் ஏறி ஓலையைப் பிரிக்கிறார்கள், வெங்காய நெடி தெரு முனைவரை போகிறது. அடுத்த வயல்காரன் ராசாங்கம் தோளில் துண்டோடு வந்து நின்றுவிட்டான். வயதில் இளையவன், வீரமுத்துவை மாமா என்று கூப்பிடுகிறவன்.

"என்னா மாமா, தொறந்துட்டீங்க?"

"ஒரு அவசரம்ப்பா."

"வெல எறங்கப் போவுதா?"

இறங்காது என்று சொல்லியிருக்கலாம். இறங்கும் என்றும் சொல்லியிருக்கலாம். வீரமுத்து மூட்டையைத் தைக்கிறவனிடம் நூல் போதுமா என்று கேட்டான். ராசாங்கம் அங்கேயே நின்று செல்போனை எடுத்தான்.

மண்டியில் எடை போட்டபோது ஏழு டன் இருந்தது. செல்வத்தின் கல்லாவில் நாலாயிரம்தான் கிடந்தது. அவன் பீரோவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்து ஒரு துணிப்பையை எடுத்தான். ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளை மேசைமேல் அடுக்கினான். மேல் கட்டில் ரப்பர் பேண்டுக்குள் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. 'ஆண்டிமடம் கொட்டை, 9 பேர்' என்று செல்வத்தின் கையெழுத்து.

வெங்காயம் போக, முந்திரி சீசனில் செல்வம் ஆண்டிமடத்தில் கொட்டையும் வாங்குவான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனை ராசாத்தியிடம் கூட்டிக்கொண்டு போனவனே வீரமுத்துதான். அவள் தன் கொட்டையோடு அக்கம்பக்கத்துப் பெண்களின் கொட்டையையும் சேர்த்து அவனுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது அங்க போற பணமாச்சே தம்பி."

"நாளன்னிக்கு கொண்டுபோய்க் குடுக்கணும்னு எடுத்து வெச்சதுங்க. நீங்க முழுசா வேணும்னு நிக்கறீங்க. உங்க சரக்குக்கு நாலு நாள்ல பணம் வந்துரும், வந்ததும் நேரா அங்கதான் போவும். நாலு நாள் தள்ளிப்போனா தங்கச்சி ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் வீரமுத்து தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். மீட்கப்போவது ராசாத்தியின் நகை. பணமும் ராசாத்தியின் பணம். எப்படிச் சுற்றினாலும் அவளிடம்தானே போய்ச் சேருகிறது. அந்தத் துண்டுக் காகிதத்தை உருவி மேசைமேல் வைத்துவிட்டு, கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பாங்குக்கு நடந்தான். மறுநாள் மதியம் நகை கைக்கு வந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது என்று கிருஷ்ணம்மாளிடம் சொன்னான். அவள் மஞ்சள் பையை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

அன்றைக்கே ஊரில் இருபத்திரண்டு பட்டறைகள் பிரிந்தன. வீரமுத்துவே திறந்துவிட்டான், அவனுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான் பேச்சு. பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு அவர்களும் திறந்தார்கள். எல்லாருக்கும் அதே வாரத்தில் பாங்கில் கெடு வேறு. சாக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. லாரிக்காரன் வாடகையை இரண்டு மடங்காக்கினான். முப்பத்திரண்டு இருபத்தொன்றானது, மறுநாள் பதினான்கானது, அதற்கு மறுநாள் மண்டியில் விலையே சொல்லவில்லை, இறக்கிவிட்டுப் போங்கள், பார்க்கலாம் என்றார்கள். நாமக்கல் ஆள் செல்வத்துக்குப் போன் செய்து, இந்த விலைக்கு ஊரெல்லாம் கிடைக்கும்போது உன்னிடம் எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டானாம். தூத்துக்குடியில் நின்ற இரண்டு லோடும் அழுகி ஒழுகிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் செல்வத்தின் மண்டி பூட்டிக் கிடந்தது. சரக்கைப் போட்டவர்கள் வாசலில் நின்று போன் போட்டுப் பார்த்தார்கள், அணைத்து வைத்திருந்தான். ராசாங்கம் தன்னுடைய ஐந்து டன்னில் பாதியை அங்கே இறக்கியிருந்தான். மீதியைத் திருப்பிக் கொண்டுவர லாரி வாடகைகூடக் கட்டாது என்று ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தான். வரும் வழியில் வீரமுத்துவின் வீட்டு முன்னால் நின்றான்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா மாமா, இல்ல வாயத் தொறந்து ஒண்ணுமில்லடான்னு பொய்யாச்சும் சொல்லியிருந்தீங்கன்னா."

அவன் சண்டை போட்டிருந்தால் தேவலை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து வீரமுத்து தெருவில் நடக்கும்போது ஆட்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தார்கள்.

இவ்வளவு நடந்தும் வீரமுத்து ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். நகை வந்துவிட்டது. சொன்ன சொல் தப்பவில்லை. செல்வம் ஆண்டிமடத்துக்குப் பணம் அனுப்பினானா என்பதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான். சித்திரை பத்தொன்பதாம் தேதி அரிசிப் பானையிலிருந்து மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். அரியலூரில் இறங்கி மாறும்போது சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, பஸ் ஸ்டாண்டில் எல்லார் தலையிலும் தூசி. ஜெயங்கொண்டத்தில் இன்னொரு பஸ். வழியெல்லாம் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

ராசாத்தியின் வாசலில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டை உடைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. கையெல்லாம் முந்திரிக்கொட்டை ஓட்டின் பால் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. அவர்களைப் பார்த்ததுமே வீரமுத்துவுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது.

"வாண்ணே" என்று ராசாத்தி எழுந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பையைக் கொடுத்தான். அவள் திறந்து பார்த்து, சங்கிலியைத் தொட்டுவிட்டு மூடினாள். கண் கலங்கியிருந்தது.

"நேரத்துக்குக் கொண்டாந்தண்ணே. இந்தக் காலத்துல யாரு சொன்ன சொல்லக் காப்பாத்துறா? அந்த செல்வத்தப் பாரு, போன எடுக்கவே மாட்டேங்கறான். கட பூட்டிக் கெடக்குதாமே? வெளிய உக்காந்திருக்கறவங்க அத்தன பேரும் என் மொகத்துக்குத்தான் கொட்டையப் போட்டாங்க. எங்கண்ணனுக்குத் தெரிஞ்ச ஆளு, பயப்படாதீங்கன்னு நான்தான் சொன்னேன். இப்ப மூணு நாளா வூட்டு வாசல்ல வந்து உக்காந்திருக்காங்க. திட்டக்கூட மாட்டேங்கறாங்கண்ணே."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் புகழ்ந்தது அவனுக்குத் தாங்கவில்லை. துணிப்பை, கட்டுகள், துண்டுக் காகிதம், எல்லாவற்றையும் சொன்னான். "உன் பணந்தானே தாயி, உனக்குத்தானே வருதுன்னு நெனச்சுட்டேன்" என்று முடித்தான்.

ராசாத்தி பையின் வாயை மறுபடி திறந்து பார்த்தாள்.

"அதுல என்னுது அறுவதாயிரம்ணே" என்றாள். "மிச்சம் ஒரு லட்சத்து அறுவதாயிரம் அவங்களுது. ஆளுக்கு இருவது."

ஒன்பது பேர் என்று எழுதியிருந்ததை வீரமுத்து கண்ணால் படித்தவன்தான். மனதில் ஒருத்தியைத்தான் நினைத்திருந்தான். மற்ற எட்டுப் பேர் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி இருமினாள்.

"நான் பாத்துக்கறேன் தாயி, நெலத்த வெச்சாவது..."

"அந்த நெலத்துக்கு இப்ப யாரு பணம் தருவா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, மஞ்சள் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

"பணம் எங்கண்ணன்கிட்ட வந்திருக்கு. சாயந்திரம் வந்து வாங்கிக்குங்க" என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது. பொய் என்று அதைச் சொல்ல முடியாது.

ஜெயங்கொண்டத்தில் நகைக்கடைக்காரர் சங்கிலியைக் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்துச் சொன்னார். "காலையிலேருந்து விக்க வந்தவங்கள்ல நீங்க ஆறாவது ஆளும்மா. பெரம்பலூர்ப் பக்கத்துலேருந்தெல்லாம் வர்றாங்க. என்கிட்டயும் ரொக்கம் வேணுமில்ல?" ராசாத்தி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் தெருவில் போகிற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றான். சங்கிலிக்குக் கிடைத்தது போதவில்லை. தோட்டையும் எடுத்து வைத்தாள். பையில் வளையல் மட்டும் மிஞ்சியது. அதைத் தோப்புக் குத்தகைக்கு அடகு வைக்க வேண்டும், வைகாசி பிறந்தால் தோப்புக்காரர் ஆள் அனுப்பிவிடுவார்.

சாயந்திரம் எட்டுப் பேரும் வந்தார்கள். ராசாத்தி பணத்தை எட்டாகப் பிரித்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"நீ குடு."

"நீயே குடு தாயி."

"நீதான் குடுக்கணும்ணே" என்றாள்.

ஒவ்வொருத்தியாக வந்து இரண்டு கையையும் ஏந்தினார்கள். வீரமுத்து ஒருத்தியின் முகத்தையும் பார்க்கவில்லை, கறுத்துப்போன விரல்களைப் பார்த்தே கொடுத்தான். கடைசியில் ஆண்டாயி என்று ஒரு பெண். வயிற்று வலிக்கு ஆபரேஷன் என்று சொல்லி நாள் குறித்திருந்தவள், இந்தப் பணம் வராததால் அதைத் தள்ளிப் போட்டிருந்தாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போகத் திரும்பியவள், நின்று, அவனுடைய வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ராசியான கையி சாமி. போன பணம் எங்கயாச்சும் திரும்புமா? உன் கை பட்டுத் திரும்பியிருக்கு. நீ நல்லா இருப்ப."

வீரமுத்து கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. அவன் அழுதான், அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டுப் போனாள்.

எல்லாரும் போன பிறகு வாசலில் அண்ணனும் தங்கையும் மட்டும் நின்றார்கள். வெறும் மஞ்சள் பையை ராசாத்தி மடித்துக்கொண்டிருந்தாள். வெறும் பை என்று சொல்ல முடியாது, வளையல் உள்ளே இருந்தது.

"தாயி" என்றான் வீரமுத்து.

அவள் பையை மறுபடி மடித்தாள். அடுப்பு உள்ளே பற்றவைக்காமல் கிடந்தது.

"ஜெயங்கொண்டம் பஸ் வர்ற நேரம்ண்ணே. கெளம்பு" என்றாள். டீ குடிச்சிட்டுப் போ என்று சொல்லவில்லை.